வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தும் பூச்சி சாகவில்லையா?

முதன்முதலில் வெண்டைக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்த மறுநாள் காலை, செடிகளுக்கு அடியில் குனிந்து செத்த பூச்சிகளைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. இலைமேல் இருந்த புழுக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு ராத்திரி ஊறவைத்து, கை வலிக்கப் பிழிந்து, வடிகட்டி அடித்ததெல்லாம் வீண் என்று மீதிக் கரைசலைத் தென்னை மூட்டில் கவிழ்த்துவிட்டேன். பக்கத்து வயல் அண்ணன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு நாள் கழிச்சு வந்து பாருங்க தம்பி. செத்த புழுவத் தேடாதீங்க, புதுசா வந்த இலையில ஓட்டை இருக்கானு பாருங்க" என்றார்.

நான்காம் நாள் பார்த்தேன். பழைய இலைகளில் பழைய ஓட்டைகள் இருந்தன. அடித்த பிறகு விரிந்த இரண்டு இலைகளும் முழுசாக இருந்தன. புழுக்கள் இன்னும் இருந்தன, ஆனால் தொட்டால் சோம்பலாகச் சுருண்டன. இரண்டு மூன்று பாதித் தோலை உரித்த நிலையில், பழைய சட்டைக்குள் சிக்கிக் கறுத்துப்போயிருந்தன.

இயற்கை விவசாயம் செய்பவர்கள் இதைப் பூச்சிக்கொல்லி என்று சொல்ல மாட்டார்கள், பூச்சிவிரட்டி என்பார்கள். ஏதோ ஆகாத வார்த்தையைத் தவிர்க்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லும் பெயர். கடை மருந்தை அடித்துவிட்டு மறுநாள் பிணம் எண்ணிப் பழகிய கண்ணோடு இதைப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

செடிக்குக் கால் கிடையாது. மாடு வந்தாலும் புழு வந்தாலும் நின்ற இடத்தில்தான் நிற்க வேண்டும். அதனால் கசப்பு, நாற்றம், பால், காரம், நஞ்சு என்று தனக்குள்ளேயே ஏதாவது ஒன்றைச் சமைத்து வைத்துக்கொள்கிறது. அதை இடித்தோ ஊறவைத்தோ ஆட்டியோ எடுத்து வேறொரு பயிரின்மேல் தெளிப்பதுதான் தாவரப் பூச்சி மருந்து. இதில் நேராகக் கொல்பவையும் உண்டு, தின்னவிடாமலும் வளரவிடாமலும் தடுப்பவையும் உண்டு. வேம்பு இரண்டாவது வகை. காய்கறிக்கு அன்றாடம் உதவுவது அதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

புழுவுக்குள் என்ன நடக்கிறது

1959இல் சூடானில் பாலைவன வெட்டுக்கிளிகள் படையெடுத்துப் பச்சையாக இருந்ததையெல்லாம் மொட்டையடித்தபோது, வேப்பமரங்கள் மட்டும் இலையோடு நின்றதை ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் பார்த்தார். வேம்பைப் பற்றி உலக அளவில் நடந்த ஆராய்ச்சிக்கு அது பெரிய தூண்டுதல். நம் நாட்டிலும் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதே காலத்தில், 1960களின் தொடக்கத்தில், வேப்பங்கொட்டைக் கரைசலை வெட்டுக்கிளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். நம் ஊரில் நெல் குதிருக்குள்ளும் துணிப் பெட்டிக்குள்ளும் வேப்பிலையைப் போட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்காது. ஏன் என்ற கேள்விக்குத்தான் விடை தேவைப்பட்டது.

1968இல் இங்கிலாந்தில் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். பெயர் அசாடிராக்டின். வேப்பம் பருப்பின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. இலையில் அதைவிட மிகக் குறைவு. வேப்பிலையைக் கொத்துக் கொத்தாக உருவிக் கொதிக்கவைத்துத் தெளிக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இலையில் சரக்கே கொஞ்சம், அதையும் சூடு கெடுத்துவிடும். கொட்டைதான் வேண்டும், அதுவும் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தது.

அசாடிராக்டின் இரண்டு வேலை செய்கிறது. முதல் வேலை வாயில். புழு இலையைக் கடிக்கும்போதே அதன் வாயுறுப்புகளில் உள்ள சுவை உணர்விகள் "இது வேண்டாம்" என்று சொல்லிவிடுகின்றன. பசி இருந்தாலும் தின்பது குறைகிறது. இரண்டாவது வேலை உடம்புக்குள். பாம்பு போலவே புழுவும் சட்டை உரித்துத்தான் பெரிதாக முடியும். ஒவ்வொரு முறையும் உரிப்பதற்கு உடம்பில் ஒரு ஹார்மோன் சரியான நேரத்தில் சுரக்க வேண்டும். அசாடிராக்டின் அந்த நேரத்தைக் குலைத்துவிடுகிறது. உரிக்கும் நாள் வரும்போது உரிக்க முடியாமல் புழு சிக்கிக்கொள்கிறது. என் வெண்டையில் நான் பார்த்த கறுத்த புழுக்கள் அப்படிச் சிக்கியவை. போதாததற்கு, கரைசல் பட்ட இலையில் முட்டையிடத் தாய்ப்பூச்சிகள் பலவும் தயங்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தானாகவே தெரிந்துவிடும். சிறிய புழுவுக்கு உரிக்க வேண்டிய சட்டை இன்னும் நாலைந்து இருக்கிறது. சுண்டுவிரல் நீளம் வளர்ந்த புழுவுக்கு அந்த வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆகவே குஞ்சுப் புழுவாக இருக்கும்போதே அடிக்க வேண்டும், பெரிதான பிறகு கையால் பொறுக்குவதுதான் வேகம். அப்புறம், இலையைத் தின்னாத, செடியின் சாற்றையும் உறிஞ்சாத பூச்சிக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. தேனீயும் பொறிவண்டும் ஓரளவு தப்பிப்பது இதனால்தான். அதற்காகப் பூவில் தேனீ மொய்க்கும் காலை நேரத்தில் அடிக்க வேண்டும் என்றில்லை.

கரைசல் செய்வது

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை 5 சதவீதக் கரைசல். 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பம் பருப்புத் தூள் என்று கணக்கு. 10 லிட்டர் டேங்க் வைத்திருப்பவருக்கு அரைக் கிலோ, மாடித்தோட்டக்காரருக்கு லிட்டருக்கு 50 கிராம். பருப்பு என்றால் ஓடு நீக்கியது. ஓட்டோடு இடித்தால் எடையில் பாதி ஓடாகவே போய்விடும், அளவை அதற்கேற்ப ஏற்றிக்கொள்ள வேண்டும்.

தூளைப் பழைய வேட்டித் துணியில் தளர்வாக முடிந்து, இரண்டு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். மறுநாள் முடிச்சைத் தண்ணீருக்குள்ளேயே பிசைந்து பிழிய வேண்டும். தேங்காய்ப் பால் எடுப்பது போலத்தான். முதலில் கெட்டியாக வெள்ளையாக வரும், அப்புறம் மோர் பதத்துக்கு இறங்கும், கடைசியில் தண்ணீராக வரும்போது நிறுத்தலாம். இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டுங்கள். இதில் சோம்பேறித்தனம் பார்த்தால் நாசில் அடைத்துக்கொண்டு, செடிக்கு நடுவில் நின்று ஊசியால் குத்திக்கொண்டிருப்பீர்கள். 10 லிட்டராக நிரப்பி, 10 முதல் 20 கிராம் காதி சோப்பைத் தனியாகக் கரைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இலையின் மெழுகுப் பூச்சில் வெறும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும், சோப்பு அதைப் பரவவைக்கும். முட்டைக்கோஸ் இலையில் சோப்பு இல்லாமலும் சோப்போடும் ஒருமுறை தெளித்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். சோப்புக்குப் பதில் பூந்திக் கொட்டைத் தண்ணீரும் ஆகும். துணி துவைக்கும் காரமான பவுடர் வேண்டாம். இலை கருகும், அசாடிராக்டினும் காரத்தில் சிதையும்.

எந்தக் கொட்டை என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பறித்து மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும், எட்டு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆடியில் பொறுக்கியது ஐப்பசியிலிருந்து பங்குனிவரை நன்றாக இருக்கும். பரணில் மூன்று வருடமாகக் கிடந்த மூட்டையை எடுத்து இடித்துவிட்டு வேம்பைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. பூசணம் பூத்த கொட்டையையும் தூக்கிப் போடுங்கள்.

பிழிந்த கரைசலை அன்றைக்கே அடித்துவிட வேண்டும். அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு, மூன்றரை நான்கு மணிக்கு மேல். சூரிய ஒளியில் அசாடிராக்டின் சில நாட்களில் சிதைந்துவிடும். காலை 10 மணிக்கு அடித்தால் அதன் ஆயுளை நீங்களே வெட்டுகிறீர்கள். இலையின் அடிப்பக்கம் நனையும்படி நாசிலை மேல்நோக்கிப் பிடியுங்கள். அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ எல்லாம் குடியிருப்பது அங்கேதான். அன்றிரவே மழை அடித்துக் கழுவிவிட்டால் மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை. மற்றபடி 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை போதும்.

வேப்பெண்ணெய் அடிப்பதென்றால் வயலில் லிட்டருக்கு 30 மில்லிவரை பரிந்துரை உண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் 5 மில்லியில் தொடங்குங்கள். பாகல், பீர்க்கு, வெள்ளரி இலைகள் எண்ணெயைத் தாங்காது. எண்ணெயை முதலில் சோப்புக் கரைசலில் ஊற்றி, வெள்ளையாகும்வரை அடித்துக் கலக்கிவிட்டு அப்புறம் தண்ணீர் சேருங்கள். நேராகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும். டேங்கின் முதல் பாதியில் வெறும் தண்ணீரும் கடைசியில் சுத்த எண்ணெயுமாக வந்து, கடைசி வரிசைச் செடிகள் தீய்ந்துபோகும். என் பீர்க்கங்கொடி ஒன்று அப்படித்தான் போயிற்று. எதை அடித்தாலும் முதலில் இரண்டு செடிக்கு அடித்து ஒரு நாள் பொறுங்கள்.

எங்கே கேட்கும், எங்கே கேட்காது

எல்லாப் பூச்சிக்கும் வேம்பு என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பூச்சி எங்கே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுகிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

வெளியே இருந்து இலையைச் சுரண்டித் தின்பவற்றுக்கு நன்றாகக் கேட்கும். முட்டைக்கோஸில் வைரமுதுகுப் பூச்சியின் புழு அப்படிப்பட்டது. ரசாயன மருந்துகளுக்கு மாறி மாறிப் பழகிப்போய் உலகம் முழுக்கப் பெரிய தலைவலியாக இருப்பது. கத்திரியில் வரும் புள்ளி வண்டும் அப்படித்தான். இதைப் பொறிவண்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பொறிவண்டு பளபளவென்று இருக்கும், அசுவினியைத் தின்னும் நண்பன். கத்திரியின் புள்ளி வண்டு மங்கலான செம்பழுப்பு, முதுகு மெல்லிய மயிரால் மூடியது. அதன் குஞ்சு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளோடு இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது சுரண்டிய இலை நரம்பு மட்டும் மிஞ்சிய சல்லடையாகிவிடும். அந்த மஞ்சள் குஞ்சுகளைப் பார்த்த வாரம்தான் கரைசலுக்குச் சரியான வாரம்.

அசுவினி, மாவுப்பூச்சி போன்ற மெத்தென்ற சாறுறிஞ்சிகளுக்கு எண்ணெயும் சோப்பும் சேர்ந்த கலவை மேலே படிந்து மூச்சை அடைக்கும். அவரையில் அசுவினி கறுப்பாக அப்பிக்கிடந்தால், முதலில் வெறும் தண்ணீரைப் பீச்சியடித்துக் கழுவிவிட்டு மறுநாள் மருந்தடியுங்கள். பாதி வேலை தண்ணீரிலேயே முடிந்துவிடும்.

கத்திரிக்காய்க்குள் இருக்கும் புழு கதை வேறு. முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்திலேயே அது குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ துளைத்துப் போய்விடும். பிறகு வெளியே என்ன அடித்தாலும் அதற்கு மழை பெய்வது மாதிரிதான். இந்தப் புழுவுக்காக மரபணு மாற்றிய கத்திரிக்காயையே உருவாக்கி, 2010இல் நம் அரசு அதை நிறுத்திவைத்தது நினைவிருக்கும். அந்த அளவுக்குத் தொல்லை பிடித்த புழு. வேம்பு இங்கே துணைக்கு மட்டும்தான். முக்கிய வேலை, தலை தொங்கி வாடிய குருத்துகளை வாரம் இரண்டு முறை புழுவோடு கிள்ளி எடுத்து எரிப்பது அல்லது ஆழக் குழிதோண்டிப் புதைப்பது. கிள்ளி வரப்பில் போட்டால் புழு நடந்து திரும்பி வரும். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு ஐந்து வைத்து, அதில் ஆண் பூச்சி விழத் தொடங்கியதும் கரைசல் அடித்தால் முட்டைப் பருவத்தைப் பிடிக்கலாம்.

பாகல், பீர்க்கில் பழ ஈயும் இதே போலத்தான். காய்க்குள் முட்டையிட்டுவிடும். பிஞ்சிலேயே காகிதப் பை கட்டுவதும் சொத்தைக் காயைப் பொறுக்கிப் புதைப்பதும்தான் அங்கே மருந்து.

வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டதா? அது வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவந்து விட்டது. அந்தச் செடியை எந்தக் கரைசலும் திருப்பித் தராது. பிடுங்கிவிட்டு, நன்றாக இருக்கும் செடிகளில் வெள்ளை ஈயைக் குறைக்க வேம்பு அடியுங்கள்.

ஐந்திலைக் கரைசலும் மற்றவையும்

ஆடு மாடு தின்னாதது, ஒடித்தால் பால் வருவது, கசப்பது, நாறுவது என்று தேடிப் பறித்த இலைகளை இடித்து மாட்டுக் கோமியத்தில் ஊறவைப்பது நம் பக்கம் பரவலான முறை. நொச்சி, ஆடாதொடை, எருக்கு, வேம்பு, காட்டாமணக்கு என்று ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். ஒரு வாரம் பத்து நாள் ஊறியதும் வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை கலந்து அடிப்பார்கள். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயை அரைத்து எடுக்கும் கரைசலும் இதே குடும்பம்தான். இவை நாற்றத்தாலும் காரத்தாலும் பூச்சியை அண்டவிடாமல் செய்பவை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும், கண்ணாடி போட்டுக்கொண்டு இடியுங்கள். மிளகாய்க் கரைசலைக் காற்றுக்கு எதிராக நின்று அடித்தவருக்கு நான் புத்தி சொல்லத் தேவையில்லை. ஊமத்தை, அரளி சேர்க்கச் சொல்லும் குறிப்புகளும் சுற்றுகின்றன. சாப்பிடும் காய்க்கு அவற்றை நான் அடிக்க மாட்டேன்.

இயற்கை என்றால் ஆபத்தில்லை என்ற நினைப்பை உடைக்கப் புகையிலை ஒன்று போதும். புகையிலைக் கரைசலில் இருப்பது நிகோடின். பூச்சியின் நரம்பை அடிப்பது போலவே நம் நரம்பையும் அடிக்கும், தோல் வழியாகவே உள்ளே போகும். ஈரப் புகையிலை பறிக்கும் கூலியாட்களுக்கு வாந்தியும் தலைசுற்றலும் வருவது இதனால்தான். இன்னொரு வில்லங்கமும் உண்டு. காய்ந்த புகையிலையில்கூட உயிரோடிருக்கும் தேமல் வைரஸ் ஒன்று தக்காளிக்கும் மிளகாய்க்கும் தாவக்கூடியது. டெர்ரிஸ் என்ற கொடியின் வேரிலிருந்து எடுக்கும் ரோட்டினோன் மீன் பிடிக்கக் குளத்தில் கலக்கும் நஞ்சு. பல நாடுகளில் காய்கறித் தோட்டக்காரர்கள் தைரியமாகத் தூவிக்கொண்டிருந்தார்கள். 2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தியபோது பார்க்கின்சன் நோயைப் போன்ற பாதிப்பு வந்தது. பிறகு ஐரோப்பா அதைக் கைவிட்டது.

பைரெத்ரம் கொஞ்சம் பரவாயில்லை. கென்யாவில் பெருமளவு விளைந்த, செவ்வந்தி இனத்தைச் சேர்ந்த வெள்ளைப் பூ அது. பூச்சியை நிமிடங்களில் கீழே தள்ளும், வெயிலில் சீக்கிரம் சிதைந்தும் போகும். அதைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்தவைதான் நம் வீட்டுக் கொசுவத்திச் சுருளில் இருக்கும் அலெத்ரினும் வயலில் அடிக்கும் சைபர்மெத்ரினும். ஆனால் பைரெத்ரம் நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பார்க்காது.

வேம்பிலும் கவனம் வேண்டும். பச்சைக் குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டி உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. டேங்கைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள், நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாது. காயைப் பறித்துவிட்டு அன்று மாலை அடியுங்கள். கீரைக்கு அறுவடை நெருங்கும்போது அடித்தால் கசப்பு சட்டிவரைக்கும் வரும்.

கொட்டை இடிக்க நேரமில்லாதவர்களுக்குக் கடையில் அசாடிராக்டின் பாட்டில் இருக்கிறது. அதை ஆய்வுக்கூடத்தில் செய்தது என்று நினைக்க வேண்டாம், அந்த மூலக்கூறு மிகவும் சிக்கலானது. கேம்பிரிட்ஜில் அதை ஆய்வுக்கூடத்தில் முழுதாகச் செய்து முடிக்க 22 ஆண்டுகள் பிடித்து, 2007இல்தான் முடிந்தது. ஆகவே கடைப் பாட்டில்களில் இருப்பதும் வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்ததுதான். லேபிளில் 300, 1500, 3000, 10000 பி.பி.எம். என்று போட்டிருக்கும். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு அசாடிராக்டின் என்பது அந்த எண். விலையை மட்டும் பார்த்து 300 பி.பி.எம். வாங்கிவிட்டு, 10000க்கு எழுதிய அளவில் கலந்தால் வெறும் தண்ணீர் தெளித்த மாதிரிதான். தேதியையும் பாருங்கள், போன வருடச் சரக்கு வேண்டாம்.

இப்போது சில வருடங்களாக வேப்பமரங்களே கிளை கிளையாகக் காய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக்கொசு என்ற பூச்சியும் ஒரு பூசண நோயும் அதற்குக் காரணம். வேம்பின் கசப்பு அந்தக் கொசுவை ஒன்றும் செய்வதில்லை, இளந்தளிரில் ஊசிபோலக் குத்திச் சாறு குடித்துவிடுகிறது. வேப்பங்கொட்டை வேண்டுமென்றால் இனி மரத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது தினமும் பெருக்கி எடுங்கள். மண்ணில் ஈரத்தில் கிடந்தால் பூசணம் பிடிக்கும். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாக்கில் கட்டிக் காற்றாட வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினால் வியர்த்துவிடும். கட்டும்போது சாக்கின்மேல் மாதத்தை மார்க்கரால் எழுதிவிடுங்கள். நான் எழுதாமல் விட்ட இரண்டு சாக்கு இன்னும் மாட்டுக்கொட்டகை மூலையில் கிடக்கிறது, எந்த வருடத்துக் கொட்டை என்று யாருக்கும் தெரியாது.